மாத்திரையைக் குறைத்தேன், யோகாவைக் கூட்டினேன். வலிப்பு ஏன் திரும்பியது?

வாசகி எழுதியது

ஈரோடு மாவட்டத்தைச் சேர்ந்த 25 வயது வாசகி, பெயர் வேண்டாம் என்று கேட்டு எழுதியிருக்கிறார். சென்னையில் பிபிஓ வேலை, பெண்கள் விடுதியில் வாசம். ஒரு வாரம் பகல், மறுவாரம் இரவு என்று ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். பிளஸ் ஒன் படிக்கும்போது, விடிய விடியக் கண்விழித்துப் படித்துவிட்டுப் பரீட்சைக்குக் கிளம்பிய காலையில் முதல் வலிப்பு வந்திருக்கிறது. மூளையின் மின்னோட்டத்தைப் பதிவுசெய்யும் ஈஇஜி சோதனையில் மாற்றம் தெரிந்தது, எம்ஆர்ஐ ஸ்கேன் நார்மல். அன்றிலிருந்து சோடியம் வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மாத்திரை 500 மி.கி., காலையும் இரவும். மூன்று வருடமாக வலிப்பே இல்லை.

ஆனால் எடை கூடிவிட்டது, முடி கொட்டுகிறது, மாதவிலக்கு தள்ளிப்போகிறது. "இரண்டு வருஷம் வராமல் இருந்தால் மாத்திரையை நிறுத்திவிடலாம்" என்று எங்கோ படித்திருக்கிறார். யோகா வகுப்பில் சேர்ந்தார், மாவுச்சத்தைக் குறைக்கும் பேலியோ உணவுக்கு மாறினார், காலை மாத்திரையை டாக்டரிடம் கேட்காமலே விட்டுவிட்டார். ஆறு வாரம் நன்றாகவே போனது. ஒரு வெள்ளிக்கிழமை காலை நைட் ஷிப்ட் முடிந்தது. பகலில் இரண்டு மணி நேரம் கண்ணயர்ந்துவிட்டு இரவு பஸ் ஏறினார். பெண் பார்க்க வருகிறார்கள் என்று சனிக்கிழமை காலை அம்மா சீக்கிரம் எழுப்பினார். பல் தேய்க்கும்போது கையிலிருந்த பிரஷ் இரண்டு முறை பறந்து விழுந்தது. அப்புறம் நினைவில்லை. துணி துவைக்கிற கல்லில் மோதி நெற்றியில் மூன்று தையல். வீட்டில் கையில் சாவிக்கொத்தைத் திணித்திருக்கிறார்கள்.

முந்தின நாள் அண்ணனோடு போனில் சண்டை போட்ட டென்ஷன்தான் காரணம் என்கிறார்கள் எல்லோரும். வாசகியின் கேள்விகள்: மனதையும் உணவையும் கட்டுப்பாட்டில் வைத்தால் மாத்திரை இல்லாமல் இருக்க முடியுமா? மாப்பிள்ளை வீட்டில் சொல்ல வேண்டுமா? ஸ்கூட்டி ஓட்டலாமா? கடைசி வரி இது: "என் மனசை என்னால் அடக்க முடியாததால்தான் வந்ததா டாக்டர்?"

என் பதில்

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. உங்கள் மனம் பலவீனமாக இருந்ததால் வந்த வலிப்பு அல்ல இது. "டென்ஷன் ஆகாம இருந்தா வராது" என்று வீட்டில் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். கேட்பவருக்கோ அது குற்றச்சாட்டாகப் போய்ச் சேர்கிறது. ஒவ்வொரு முறையும் 'நான் என்ன தப்பு செய்தேன்' என்று தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். உங்கள் கடிதம் முழுக்க அந்தத் தேடல் தெரிகிறது. படிக்கும்போது வருத்தமாக இருந்தது.

கடிதத்தின் நடுவே போகிற போக்கில் ஒரு விஷயம் எழுதியிருக்கிறீர்கள். சில நாள் காலையில் எழுந்ததும் கை வெட்டி இழுக்கும், டீ டம்ளர் நழுவிவிடும், அம்மா அதை நரம்புத் தளர்ச்சி என்பார், அதனால் டாக்டரிடம் சொன்னதே இல்லை என்று. கடிதத்திலேயே முக்கியமான செய்தி அதுதான். விழித்த கொஞ்ச நேரத்தில் கை இப்படித் தூக்கிப் போடுவதை மயோக்ளோனிக் உதறல் என்போம். அதுவும் வலிப்புதான். நினைவு தப்பாததால் யாரும் அதை வலிப்புக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆக, 'மூன்று வருடமாக வலிப்பே இல்லை' என்ற கணக்கை உங்கள் டாக்டரோடு மறுபடி பார்க்க வேண்டியிருக்கிறது.

பதின்ம வயதில் தொடக்கம், காலை உதறல், தூக்கம் கெட்ட மறுநாள் பெரிய வலிப்பு, எம்ஆர்ஐ நார்மல், ஈஇஜியில் மாற்றம். இவை சேர்ந்து வந்தால் நரம்பியல் மருத்துவர்கள் முதலில் நினைப்பது 'இளம்பருவ மயோக்ளோனிக் வலிப்பு'. கடிதத்தை வைத்து நோயை உறுதிசெய்ய முடியாது. உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் இதை மனதில் வைத்துக்கொண்டே மற்றதைச் சொல்கிறேன். ஏனென்றால் 'இரண்டு வருடம் வராவிட்டால் நிறுத்தலாம்' என்று நீங்கள் படித்தது சில வகை வலிப்புகளுக்குப் பொருந்தும். அதுவும் டாக்டர் பார்த்து, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து. மாத்திரைக்கு இந்த வகை வலிப்பு நன்றாகவே அடங்கும். நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குத் திரும்பிவிடும். பல வருடம் கழித்து நிறுத்திப் பார்க்கலாமா என்று டாக்டரோடு பேசுகிறவர்கள் உண்டு. நீங்கள் இப்போது அந்தக் கட்டத்தில் இல்லை.

எம்ஆர்ஐ நார்மல் என்றால் மூளையில் ஒன்றும் இல்லை, எல்லாம் டென்ஷன்தான் என்ற முடிவும் சரியல்ல. எம்ஆர்ஐ மூளையின் அமைப்பைப் படம் பிடிக்கிறது. கட்டி, தழும்பு போன்றவை அதில் தெரியும். மின்னோட்டக் கோளாறு அதில் தெரியாது.

அந்த வாரத்தை நான் எப்படிப் படிக்கிறேன்

ஆறு வாரமாக மருந்து பாதி. வாரம் முழுக்க நைட் ஷிப்ட். வெள்ளி பகலில் இரண்டு மணி நேரத் தூக்கம். இரவு பஸ்ஸில் உட்கார்ந்தபடி அரைத் தூக்கம். சனிக்கிழமை காலை, உடம்பு கேட்ட தூக்கம் முடியும் முன்பே எழுப்பிவிட்டார்கள். விழித்த சற்று நேரத்தில் பிரஷ் பறந்தது. இரண்டு உதறல், அதைத் தொடர்ந்து பெரிய வலிப்பு. இந்த நோய்க்கு இதைவிடத் தோதான சூழ்நிலை அமையாது. அண்ணனோடு சண்டை நடக்காமல் இருந்திருந்தாலும் அந்தக் காலை ஆபத்தான காலைதான். உங்கள் முதல் வலிப்பும் கண்விழித்துப் படித்த மறுநாள்தான் வந்தது என்பதைக் கவனியுங்கள்.

இன்னொன்று. அடுத்த முறை காலையில் அப்படி உதறல் வந்தால் அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். உடனே தரையில் உட்கார்ந்துவிடுங்கள். அடுப்பு, மாடிப்படி, கிணற்றடி பக்கம் போகாதீர்கள். வீட்டில் ஒருவரைக் கூப்பிடுங்கள்.

டென்ஷனுக்குப் பங்கே இல்லையா?

உண்டு. எது வலிப்பைத் தூண்டுகிறது என்று வலிப்பு உள்ளவர்களைக் கேட்டால், மன அழுத்தம் என்றுதான் நிறையப் பேர் சொல்கிறார்கள். அழுத்தம் நேராகவும் வேலை செய்யும், சுற்றி வளைத்தும் செய்யும். கவலையில் தூக்கம் போகும், சாப்பாடு தள்ளிப்போகும், மாத்திரை மறக்கும். இந்தச் சுற்று வழியைத்தான் நாம் சுலபமாக அடைக்க முடியும்.

அதனால் நீங்கள் யோகா செய்வதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் வலிப்பு உள்ள 160 பேரை இரண்டு பிரிவாக்கிச் செய்த ஆய்வு 2023-இல் வெளியானது. ஒரு பிரிவுக்கு உண்மையான யோகா. மற்றதற்கு அதே அசைவுகள், ஆனால் மூச்சிலும் கவனத்திலும் அக்கறை இல்லாமல். முறையாகச் செய்தவர்களில் வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தவர்கள் அதிகம். பதற்றமும், நோயை நினைத்துக் கூனிக் குறுகும் உணர்வும் குறைந்தன. நீங்கள் கவனிக்க வேண்டியது, அத்தனை பேரும் மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்டவர்கள். அந்தப் பலன் மாத்திரையோடு சேர்ந்து கிடைத்த பலன்.

யோகா ஆசிரியரிடம் உங்களுக்கு வலிப்பு உண்டு என்று சொல்லிவிடுங்கள். கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேக மூச்சுப் பயிற்சிகள் வேண்டாம். ஈஇஜி எடுக்கும்போது மூன்று நிமிடம் வேகமாக மூச்சு விடச் சொன்னார்கள், நினைவிருக்கிறதா? மறைந்திருக்கும் மாற்றத்தை வெளியே கொண்டுவரத்தான் அப்படிச் செய்கிறோம். ஆய்வுக்கூடத்தில் நாங்கள் வேண்டுமென்றே செய்வதை நீங்கள் தினமும் காலையில் செய்ய வேண்டாம். மெதுவான மூச்சு, தசைகளைத் தளர்த்தும் பயிற்சி, சவாசனம் நல்லது. தலைகீழாக நிற்கும் ஆசனங்களை விட்டுவிடுங்கள். அந்த நிலையில் வலிப்பு வந்தால் கழுத்து முறியக்கூடும்.

மன அழுத்தத்தால் வலிப்பு மாதிரியே வரும் வேறொரு கோளாறும் இருக்கிறது. அதில் ஈஇஜி மாறாது. வலிப்பு மாத்திரை பலன் தராது. மனநல சிகிச்சைதான் வழி. உங்கள் காலை உதறலையும் ஈஇஜியையும் பார்த்தால் அது போலத் தோன்றவில்லை. ஆனால் 'எல்லா வலிப்பும் டென்ஷன்தான்' என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்பது புரிவதற்காகச் சொன்னேன். மனச்சோர்வும் பதற்றமும் வலிப்பு உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம். வாரக்கணக்கில் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்குச் சிகிச்சை தனியாக உண்டு.

பேலியோ பற்றிச் சுருக்கமாக. வலிப்புக்கு, மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் கீட்டோ உணவு 1921-இலிருந்து புழக்கத்தில் உள்ள சிகிச்சைதான். ஆனால் மாத்திரைகளுக்கு அடங்காத வலிப்புக்கு, பெரும்பாலும் குழந்தைகளுக்கு, உணவியல் நிபுணர் ஒவ்வொரு கிராமையும் எடைபோட்டுக் கொடுப்பது அது. பேஸ்புக் குழுவைப் பார்த்து மாவுச்சத்தைக் குறைப்பது வேறு. உங்களுக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு போதும். இரவு ஷிப்ட்டில் காபியை மட்டும் குடித்து ஓட்டுவதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும்.

சளி பிடித்தால் அம்மா கற்பூரமும் நீலகிரித் தைலமும் போட்டு ஆவி பிடிக்க வைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது வேண்டாம். இரண்டுமே வலிப்பைத் தூண்டக்கூடியவை. 1934-இல் ஹங்கேரி மனநல மருத்துவர் மெதுனா, மனநோய்க்குச் சிகிச்சையாக வலிப்பை வரவழைக்கவே கற்பூர ஊசி போட்டார். வெறும் வெந்நீரில் ஆவி பிடியுங்கள். மருந்துக்கடையில் எதை வாங்கினாலும் வலிப்பு இருப்பதைச் சொல்லுங்கள். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக், டிரமடால் என்ற வலி மாத்திரை போன்றவை உங்களுக்கு ஆகாமல் போகலாம்.

தூக்கம்

இரவு ஷிப்ட்டைப் பற்றிப் பூசி மெழுக எனக்கு விருப்பமில்லை. உங்கள் நோய்க்கு அது ஒத்துவராது. வாரத்துக்கு வாரம் மாறும் ஷிப்ட் இன்னும் மோசம். உடம்பு ஒன்றுக்குப் பழகும் முன்பே மாற்றிவிடுகிறீர்கள். வேலை போய்விடும் என்று பயப்படுகிறீர்கள், அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நிறுவனத்துக்கு நோயின் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும் என்றில்லை. 'மருத்துவக் காரணங்களால் இரவுப் பணியும் சுழற்சிப் பணியும் தவிர்க்கப்பட வேண்டும்' என்று உங்கள் டாக்டர் சான்றிதழ் தரலாம். பகல் ஷிப்ட் கிடைக்கவே கிடைக்காது என்றால், ஒரே நேரத்து ஷிப்ட்டாவது கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் வேறு வேலை தேட வேண்டியிருக்கும். இதை உங்களிடம் சொல்ல எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

தினமும் ஏழெட்டு மணி நேரம், முடிந்தவரை ஒரே நேரத்தில் தூக்கம். ஊருக்குப் போவதை இரவு பஸ்ஸிலிருந்து பகல் ரயிலுக்கு மாற்றுங்கள். இரவுப் பயணம் தவிர்க்க முடியாவிட்டால் பெர்த் எடுங்கள், மறுநாள் காலை யாரும் எழுப்பக் கூடாது என்று வீட்டில் சொல்லி வையுங்கள். அலுவலகப் பார்ட்டியில் மது வேண்டாம். குடித்த மறுநாள் காலைதான் இந்த நோயில் அதிக ஆபத்து.

மாத்திரை மேல் உங்களுக்குள்ள கோபம் நியாயமானது

எடை கூடுவது, முடி கொட்டுவது, மாதவிலக்குக் குளறுபடி, மூன்றும் வால்ப்ரோயேட்டால் வரக்கூடியவைதான். நீங்கள் கற்பனை செய்யவில்லை. இதற்குத் தீர்வு வேறு மாத்திரைக்கு மாறுவது. நீங்களாகக் குறைத்ததில் பக்கவிளைவும் போகவில்லை, பாதுகாப்பும் போய்விட்டது.

மாற்றுவதற்கு இன்னும் பெரிய காரணம் ஒன்று உண்டு. நீங்கள் அதைக் கேட்கவில்லை. இதுவரை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். கர்ப்ப காலத்தில் வால்ப்ரோயேட் எடுத்தால், 100 குழந்தைகளில் சுமார் 10 பேருக்குப் பிறவிக் குறைபாடு வருகிறது. பொதுவாக இது 2 முதல் 3 பேர். 10-இல் 3 முதல் 4 குழந்தைகளுக்குப் பேச்சு, கற்றல், வளர்ச்சியில் தாமதம் ஏற்படுகிறது. கல்யாணப் பேச்சு நடக்கிற வீட்டில் இது உடனே தெரிய வேண்டிய செய்தி. லெவெடிராசிடம் போன்ற மருந்துகள் இதில் பாதுகாப்பானவை. அதிலும் சிலருக்கு எரிச்சலும் மனச்சோர்வும் வரும், அதைக் கவனிக்க வேண்டும். லாமோட்ரிஜின் இன்னொரு வழி. தோலில் தடிப்பு வராமலிருக்க வாரக்கணக்கில் மெதுவாகத்தான் ஏற்ற முடியும், சிலருக்குக் கை உதறலைக் கூட்டவும் செய்யும். எது என்பதை உங்கள் டாக்டர் முடிவு செய்யட்டும். மாற்றம் முடிய மாதங்கள் ஆகும் என்பதால் கல்யாணத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். ஃபோலிக் அமிலமும் கருத்தரிக்கும் முன்பே ஆரம்பிக்க வேண்டியது.

இதைப் படித்த பயத்தில் மீதி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் வலிப்பு விடாமல் அடுத்தடுத்து வரும் நிலை ஏற்படலாம். கட்டுக்குள் இல்லாத வலிப்பு, அரிதாக, தூக்கத்தில் உயிரையே எடுத்துவிடுவதும் உண்டு; வலிப்பு நோயுள்ள பெரியவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்தில் சுமார் ஒருவருக்கு இப்படி நடக்கிறது. பெரிய வலிப்புகள் குறையக் குறைய இந்த ஆபத்தும் குறையும்.

கல்யாணமும் அண்ணனும்

'மாப்பிள்ளை வீட்டில் சொல்லாதே, கல்யாணத்துக்கு அப்புறம் ஒளித்து வைத்துப் போட்டுக்கொள்' என்று அண்ணன் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். இந்து திருமணச் சட்டத்தில் முன்பு வலிப்பு ஒரு தடையாக இருந்தது. 1999 திருத்தத்தில் அந்தச் சொல்லை நீக்கிவிட்டார்கள். வலிப்பு இருப்பதால் மட்டும் உங்கள் திருமணம் செல்லாது என்று இன்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் முக்கியமான ஒரு விஷயத்தை மறைத்துச் சம்மதம் வாங்கினார்கள் என்று வழக்குப் போட அதே சட்டத்தின் 12-ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. அதாவது நோயைவிட மறைத்ததுதான் உங்களுக்குச் சிக்கலாகும்.

மருத்துவராக என் கவலை வேறு. ஒளித்துச் சாப்பிடும் மாத்திரை கட்டாயம் தவறும். மாமியார் வீட்டில், கூட்டத்தின் நடுவில், டப்பாவைத் திறக்க நேரம் பார்த்துக்கொண்டே இருப்பீர்கள். கர்ப்பத்தையும் திட்டமிட முடியாது. நிச்சயதார்த்தத்துக்கு முன்பே, நீங்களே அந்தப் பையனிடம் நேரில் சொல்லுங்கள். வேண்டுமானால் இருவரும் சேர்ந்து டாக்டரைப் பாருங்கள். சில இடங்கள் தட்டிப்போகும். அந்த வலி பெரிதுதான், இல்லை என்று சொல்லமாட்டேன்.

கல்யாணம் கூடிவந்தால் முகூர்த்தம் காலை ஒன்பது மணிக்கு மேல் வைக்கச் சொல்லுங்கள். நாலரை மணி முகூர்த்தம் என்றால் ஒரு மணிக்கே எழுப்பி அலங்காரம் தொடங்கிவிடுவார்கள். முந்தின நாள் வரவேற்பு பத்து மணிக்கு முடிய வேண்டும், விரதம் வேண்டாம், மாத்திரையை நேரத்துக்குக் கொடுக்க ஒரு ஆளைப் பொறுப்பாக்குங்கள். உங்கள் ஈஇஜியில் மினுக்கும் ஒளிக்கு மாற்றம் வந்ததா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். வந்திருந்தால் மேடையில் சிமிட்டும் விளக்குகள் வேண்டாம்.

ஸ்கூட்டி, விடுதி

ஸ்கூட்டி இப்போதைக்கு வேண்டாம். ஓட்டுநர் உரிமத்துக்கான படிவம் 1-இலேயே வலிப்பு உண்டா என்று கேட்கிறார்கள். அதில் பொய் எழுதி, பின்னால் விபத்து நேர்ந்தால் உங்களுக்கும் இழப்பு, எதிரில் வந்தவருக்கும் இழப்பு.

அறைத் தோழிக்கு விஷயத்தைச் சொல்லி, வலிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கற்றுக்கொடுங்கள். ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். தலைக்கடியில் துப்பட்டாவை மடித்து வைக்கலாம். வாயில் ஸ்பூனோ துணியோ தண்ணீரோ கூடாது. கை கால்களை அழுத்திப் பிடிக்கக் கூடாது. கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, தெளியாமல் அடுத்தது வந்தாலோ 108. நீளும் வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்பிரே உங்களுக்குத் தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். சாவிக்கொத்து வலிப்பை நிறுத்துவதில்லை. வலிப்பு பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தானாக நிற்கும், கையில் சாவி இருந்ததால் அதற்குப் பெயர் கிடைத்துவிட்டது. குளிக்கும்போது கதவைத் தாழ்ப்பாள் போடாதீர்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியது

உங்கள் டாக்டருக்கு இன்றே போன் செய்து, காலை மாத்திரையை விட்டதையும் சனிக்கிழமை நடந்ததையும் அப்படியே சொல்லுங்கள். பழைய அளவுக்கு எப்படித் திரும்புவது என்று அவர் சொல்வார். திட்டுவாரோ என்று தயங்க வேண்டாம். விட்டது தெரியாவிட்டால் மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டிவிடுவார். காலை உதறல் வரும்போது தோழியை போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். பழைய ஈஇஜி, எம்ஆர்ஐ, எந்த மாத்திரை எப்போது தொடங்கியது என்ற விவரம், மாதவிலக்குத் தேதிகள், தூங்கிய நேரம் எழுதிய ஒரு நோட்டு, இவற்றோடு நேரில் போங்கள். செலவு இடித்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் நரம்பியல் புறநோயாளிப் பிரிவில் டாக்டரின் ஆலோசனையும் மாத்திரையும் இலவசமாகக் கிடைக்கும். வால்ப்ரோயேட்டை மாற்றும் பேச்சை டாக்டர் எடுக்காவிட்டால் நீங்களே எடுங்கள், கல்யாணப் பேச்சு நடக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.